கொரிய எழுத்து உடைந்து வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோப்பைத் திறந்தீர்கள். கொரிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் புரியாத குறிகள் வரிசையாக நிற்கின்றன. இந்த நேரத்தில் செய்யக்கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: சேமிக்கும் பொத்தானை அழுத்துவது. திரையில் தப்பாகத் தெரிகிறது என்பதால் கோப்பு கெட்டுவிட்டது என்று ஆகாது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் பைட்கள், அதாவது 0 முதல் 255 வரையிலான எண்கள், அப்படியேதான் இருக்கும், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையைத்தான் படிக்கும் நிரல் மாற்றி வைத்துக்கொண்டு படிக்கிறது. அந்தத் தப்பான வடிவத்தையே நீங்கள் சேமித்துவிட்டால்தான் உண்மையான சேதம் தொடங்குகிறது. முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

கொரிய மொழியின் ஹங்குல் எழுத்து 1443இல் மன்னர் செஜோங் காலத்தில் உருவாகி 1446இல் அறிவிக்கப்பட்டது. உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்துகள், ஆனால் எழுதும்போது ஓர் அசைக்கு உரிய எழுத்துகளை ஒரே சதுரத்துக்குள் அடுக்குவார்கள். ‘ஹன்’ என்ற அசையில் ஹியுத், ஆ, நியுன் என்று மூன்று எழுத்துகள் உள்ளன, கண்ணுக்கோ ஒரே கட்டம். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைச் சின்ன வயதிலேயே பழகிய நமக்கு இது உடனே பிடிபடும்.

கணினிக்குள் போகும்போது இதே ‘ஹன்’ பல உருவம் எடுக்கிறது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் 54620 என்ற ஒற்றை எண்ணாக இருக்கலாம், அல்லது 4370, 4449, 4523 என்று மூன்று துண்டுகளாகவும் இருக்கலாம். கொரியாவின் பழைய முறையான ஈயூசி-கேஆரில் அது 199, 209 என்ற இரண்டு பைட். யூனிகோடு எண்களைப் பைட்களாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் 237, 149, 156 என்ற மூன்று பைட். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த உருவங்களில் ஒன்றை இன்னொன்றாக நினைத்துப் படிப்பதால் வருபவைதான். பைட்களை நேரில் பார்க்க ஒரு ஹெக்ஸ் எடிட்டர் போதும். அது பதினறும எண்ணில் காட்டும், இங்கே எல்லாவற்றையும் பதின்ம எண்ணில் சொல்கிறேன். விண்டோஸ் கால்குலேட்டரின் புரோகிராமர் முறையில் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: தலையில் கூரையும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள்

இந்தியாவில் விற்கும் விண்டோஸ் கணினிகளில் அதிகம் காண்பது இதுதான். யூனிகோடு அறியாத நிரல்களுக்கு இவற்றில் பொதுவாக 1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணைதான் கிடைக்கும். எந்த முறையில் எழுதிய கொரியத்தை அது தப்பாகப் படிக்கிறது என்பதைப் பைட் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு கொரிய அசையும் 234 முதல் 237 வரையிலான ஒரு பைட்டில்தான் தொடங்கும். 1252 அட்டவணையில் அந்த நான்கு இடங்களிலும் ஆங்கில ‘ஈ’, ‘ஐ’ ஆகியவற்றின் சிற்றெழுத்துகள், தலையில் கூரை, இரட்டைப் புள்ளி, சாய்கோடு போன்ற குறிகளோடு இருக்கின்றன. ஆகவே மூன்றுக்கு ஒரு முறை இப்படிப்பட்ட ‘ஈ’யோ ‘ஐ’யோ தலைகாட்டினால் அது யூடிஎஃப்-8.

ஈயூசி-கேஆரில் கொரிய அசைகளின் முதல் பைட் 176 முதல் 200 வரை. அந்த இடங்களில் டிகிரி வட்டம், கூட்டல்-கழித்தல் குறி, அரை, கால், முக்கால் பின்னங்கள், அப்புறம் குறி போட்ட பெரிய ‘ஏ’ ஆகியவை உள்ளன. பின்னங்களும் டிகிரிக் குறிகளும் நடுநடுவே தெரிந்தால் அது பழைய ஈயூசி-கேஆர் அல்லது அதன் விரிவான சிபி949.

தீர்வு எளிது. உரைத் திருத்தியில் ‘வேறு குறியாக்கத்தில் மீண்டும் திற’ என்ற வசதி இருக்கும் (எழுத்தைப் பைட்டாக எழுதும் முறைதான் குறியாக்கம்). முதல் வகைக்கு யூடிஎஃப்-8, இரண்டாம் வகைக்கு சிபி949 என்று தேர்ந்தெடுங்கள். சரியாகத் தெரிந்த பிறகு யூடிஎஃப்-8இல் சேமியுங்கள்.

யாரோ ஏற்கெனவே தப்பான வடிவத்தையே யூடிஎஃப்-8இல் சேமித்துவிட்டால் பாதையைத் திருப்பி நடக்க வேண்டும்: உரையை 1252 பைட்களாக மாற்றி, அந்தப் பைட்களை முதல் வகையில் யூடிஎஃப்-8 என்றும் இரண்டாம் வகையில் சிபி949 என்றும் படிக்க வேண்டும். இதில் ஒரு பள்ளம் உண்டு. 1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. யூடிஎஃப்-8இல் கொரிய அசைகளின் இரண்டாம், மூன்றாம் பைட்களாக இந்த எண்கள் சகஜமாக வரும். முதலில் படித்த நிரல் அவற்றை அப்படியே விட்டிருந்தால் உரை முழுவதும் மீளும். கேள்விக்குறியாக்கியிருந்தால் அந்த அசைகள் மட்டும் போனதுதான்.

கோப்பு அல்ல, ஒரு கொரிய நிரலின் மெனுவே இப்படித் தெரிந்தால், விண்டோஸின் மண்டல அமைப்பில் ‘யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழி’ என்பதைக் கொரியம் ஆக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அறிகுறி: ஜிப் கோப்பைப் பிரித்தால் பெயர்களில் பெட்டிக் கோடுகள்

பழைய டாஸ் திரைகளில் கட்டம் போடப் பயன்பட்ட இரட்டைக் கோடுகள், முக்கால்வாசி நிரம்பிய சதுரங்கள் எல்லாம் கோப்புப் பெயரில் நிற்கும். கொரிய விண்டோஸில் கட்டிய ஜிப்பில் பெயர்கள் சிபி949இல் இருக்கின்றன, பிரிக்கும் நிரலோ ஜிப் வடிவத்தின் பழைய இயல்பான 437 அட்டவணையில் படிக்கிறது. அந்த அட்டவணையில் 176 முதல் 223 வரை முழுக்க முழுக்க நிழல் சதுரங்களும் பெட்டிக் கோடுகளும்தான். கொரிய முதல் பைட்கள் 176இல் தொடங்குவதால் நேராக அங்கே போய் விழுகின்றன.

உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயர்க் குறியாக்கத்தைக் கேட்டு வாங்கும் நிரலைக் கொண்டு 949 என்று கொடுத்து மறுபடி பிரியுங்கள். உபுண்டுவில் உள்ள அன்ஜிப் கட்டளை இதற்கான தேர்வை ஏற்கும்.

அறிகுறி: கொரியமும் சீன எழுத்தும் கலந்த பொருளற்ற வரிகள்

இது முதல் அறிகுறியின் மறுபக்கம். கணினி கொரியாவுடையது, கோப்பு யூடிஎஃப்-8. மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டிய பைட்களை சிபி949 இரண்டிரண்டாகப் பிரிக்கிறது. வெட்டு தப்பான இடத்தில் விழுவதால், யாரும் எழுதாத கொரிய அசைகளும் தொடர்பில்லாத சீன எழுத்துகளும் வருகின்றன. ஒரே சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) எக்செலில் திறந்தால் சென்னையில் கூரை போட்ட ‘ஈ’யும் சியோலில் சீன எழுத்தும் தெரிவது இதனால்தான். இரண்டு பேரும் தொலைபேசியில் அறிகுறியை விவரித்தால் இரண்டு வேறு கோளாறு என்றே தோன்றும், நோய் ஒன்றுதான்.

எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு மெனுவிலிருந்து உரைக் கோப்பாக இறக்குமதி செய்து, கோப்பின் மூலம் 65001 என்று தேர்ந்தெடுங்கள். யூடிஎஃப்-8க்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண் அது. கோப்பை உருவாக்குபவர் நீங்களே என்றால், தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் அடையாளத்தோடு சேமியுங்கள். எக்செல் அதைப் பார்த்ததும் சரியாகத் திறந்துவிடும்.

இந்த நிலையில் யாராவது சேமித்துவிட்டால் முழுவதும் மீட்பது கடினம். இரண்டிரண்டாக வெட்டியதில் சில சோடிகள் சிபி949இல் இல்லாதவையாக இருக்கும், அவை அப்போதே தொலைந்திருக்கும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே நல்லது.

அறிகுறி: வைரத்துக்குள் கேள்விக்குறி, அல்லது ‘ஜொம்-ஸ்ஸோக்-யெப்’

ஈயூசி-கேஆர் கோப்பை யூடிஎஃப்-8 என்று படித்தால் பைட்கள் விதிக்குப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் நிரல் மாற்றுக்குறி ஒன்றை வைக்கும், அதுதான் அந்தக் கறுப்பு வைரம். இன்னும் சேமிக்கவில்லை என்றால் சிபி949இல் மீண்டும் திறந்தால் போதும்.

சேமித்திருந்தால் கதை வேறு. மாற்றுக்குறியே யூடிஎஃப்-8இல் 239, 191, 189 என்ற மூன்று பைட். இரண்டு மாற்றுக்குறி சேர்ந்தால் ஆறு பைட். அந்த ஆறையும் சிபி949இல் படித்தால் 239-191, 189-239, 191-189 என்று மூன்று சோடி. முதல் சோடி, கொரியர்கள் ‘ஜொம்’ என்று வாசிக்கும் ஒரு சீன எழுத்து. அடுத்த இரண்டும் ‘ஸ்ஸோக்’, ‘யெப்’ என்ற கொரிய அசைகள். ஒரு பக்கத்தில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வந்தால், மூலத்தின் இடத்தில் மாற்றுக்குறி மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று பொருள். எந்த நிரலாலும் அதை மீட்க முடியாது. வெறும் கேள்விக்குறிகள், அதாவது 63 என்ற பைட், வரிசையாக நின்றாலும் இதே முடிவுதான். நேரத்தை வீணாக்காமல் காப்புநகலைத் தேடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஓர் அசை மட்டும் காணோம்

தாய்லாந்தின் தோம் யாம் சூப்பைக் கொரியர்கள் ‘த்தொம்-யாம்-க்குங்’ என்று எழுதுவார்கள். உணவுப் பட்டியலில் மற்ற எல்லாம் ஒழுங்காக வந்து, முதல் அசை ‘த்தொம்’ மட்டும் உடைகிறது என்றால் காரணம் 1987க்குப் போகிறது.

இன்றைய கொரியத்தில் முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27. இறுதி மெய் இல்லாததையும் சேர்த்தால் 28. பெருக்கினால் 11,172 அசைகள். ஆனால் ஈயூசி-கேஆருக்கு அடிப்படையாக 1987இல் வந்த கேஎஸ் சி 5601 என்ற கொரியத் தரம் 94 வரிசை, 94 நெடுவரிசை கொண்ட கட்டத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. மொத்த இடமே 8,836. அதில் 4,888 சீன எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கி, அன்றாடம் அதிகம் வரும் அசைகள் என்று 25 வரிசையில் 2,350ஐ மட்டும் சேர்த்தார்கள். ‘த்தொம்’ அதில் இல்லை. 1997இல் கேஎஸ் எக்ஸ் 1001 என்று பெயர் மாறிய பிறகும் அந்த 2,350 அப்படியே நின்றது. ஓர் அசைக்கு முன்கூட்டியே இடம் இருந்தால்தான் எழுதலாம் என்ற இந்த முறைக்கு ‘வான்சொங்’ என்று பெயர். இதற்கு எதிராக நின்ற ‘ஜோஹாப்’ முறை 16 பிட்டில் முதல் பிட்டை அடையாளத்துக்கு வைத்து, முதல் மெய், உயிர், இறுதி மெய் மூன்றுக்கும் ஐந்தைந்து பிட் கொடுத்தது. எல்லா அசையும் அடங்கிவிடும். எழுத்தின் இயல்புக்கு ஜோஹாப்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் பரவியது வான்சொங்.

விண்டோஸ் 95 காலத்தில் மைக்ரோசாஃப்ட் மீதி 8,822 அசைகளையும் காலி இடங்களில் செருகியது. அந்த விரிவுதான் சிபி949. அதில் ‘த்தொம்’ 140, 99 என்ற சோடி. பழைய ஈயூசி-கேஆர் மட்டும் தெரிந்த நிரல் 140ஐப் புரியாமல் மாற்றுக்குறி ஆக்கும், 99ஐ ஆங்கிலச் சிற்றெழுத்து ‘சி’ என்று காட்டும். ஆகவே நல்ல கொரிய வரியின் நடுவே மாற்றுக்குறியும் அதை ஒட்டி ஓர் ஆங்கில எழுத்தும் வந்தால், ‘ஈயூசி-கேஆர்’ என்று கொடுத்த இடத்தில் ‘சிபி949’ என்று மாற்றுங்கள். அவ்வளவுதான் வேலை. உலாவிகளில் இந்தச் சிக்கல் வராது, ஈயூசி-கேஆர் என்று அறிவித்த பக்கத்தையும் அவை விரிவான அட்டவணையில்தான் படிக்கின்றன. பைத்தான் நிரல்மொழியில் இரண்டும் தனித்தனி.

இதே கோளாறு வேறு இரண்டு முகத்திலும் வரும். ஒன்று, வெற்றிடம் ஒன்றும் அதன் பின்னால் மூன்று உதிரி எழுத்துகளும். பட்டியலில் இல்லாத அசையை எட்டு பைட்டில் எழுத கேஎஸ் எக்ஸ் 1001 ஒரு வழி வைத்திருக்கிறது: 164-212 என்ற நிரப்பி, பிறகு முதல் மெய், உயிர், இறுதி மெய். பைத்தானின் ஈயூசி-கேஆர் ‘த்தொம்’மை இப்படித்தான் எழுதும். படிக்கும் நிரலுக்கு அந்த வழி தெரியாவிட்டால் உதிரியாகக் காட்டும். எழுதும் பக்கத்தை சிபி949 அல்லது யூடிஎஃப்-8க்கு மாற்றுவதே தீர்வு.

இன்னொன்று, அசைக்குப் பதில் ஆம்பர்சாண்டு, ஹாஷ், 46624, அரைப்புள்ளி என்று தரவுத்தளத்தில் கிடப்பது. வலைப்படிவத்தின் குறியாக்கத்தில் இல்லாத எழுத்தைத் தட்டினால் உலாவி இப்படி எண்ணாக அனுப்பிவிடும். அது எந்த அசை என்று கையாலேயே கண்டுபிடிக்கலாம். யூனிகோடு 44032இல் தொடங்கி 55203 வரை 11,172 அசைகளையும் வரிசை தவறாமல் அடுக்கியிருக்கிறது. 46624இல் 44032 கழித்தால் 2592. அதை 588ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 240. 240ஐ 28ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 16. பூச்சியத்திலிருந்து எண்ணினால் முதல் மெய்களில் 4ஆவது ‘த்த’, உயிர்களில் 8ஆவது ‘ஒ’, இறுதி மெய்களில் 16ஆவது ‘ம்’. ‘த்தொம்’ வந்துவிட்டது. 588 என்பது 21ஐ 28ஆல் பெருக்கியது. அட்டவணை எதுவும் இல்லாமல் மூன்று கணக்கில் ஓர் எழுத்தின் உள்ளமைப்பு வெளியே வருவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

இந்த அடுக்கு முதலிலேயே இப்படி அமையவில்லை. யூனிகோடு 1.1இல் 6,656 அசைகள்தான், அவையும் 13312இல் தொடங்கும் வேறு இடத்தில் இருந்தன. 1996இல் வந்த 2.0 பதிப்பில் எல்லாவற்றையும் இன்றைய இடத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் பின்னால் அரிய சீன எழுத்துகள் குடியேறின. அந்தக் காலத்து யூனிகோடு கோப்பு கையில் வந்து, அரிய சீன எழுத்துகளாகத் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்துவதில்லை என்ற உறுதி 2.0 முதல் நடப்பில் இருக்கிறது.

அறிகுறி: கோப்புப் பெயரில் எழுத்துகள் தனித்தனியாகச் சிதறல்

மேக்கிலிருந்து வந்த கோப்பு விண்டோஸில் ‘ஹன்’ என்று தெரியாமல் ஹியுத், ஆ, நியுன் என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். கொரியர்கள் அன்றாடம் படும் அவதி இது. ‘ஜாசோ-புல்லி’, அதாவது எழுத்துப் பிரிவு, என்றே இதற்குப் பெயர்.

இது குறியாக்கப் பிழை இல்லை. இரண்டு பக்கமும் யூனிகோடுதான். 54620 என்ற சேர்ந்த வடிவமும் 4370, 4449, 4523 என்ற பிரிந்த வடிவமும் ஒரே எழுத்துதான் என்று யூனிகோடு சொல்கிறது. சேர்ந்ததற்கு என்எஃப்சி, பிரிந்ததற்கு என்எஃப்டி என்று பெயர். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும், ஆனாலும் பல நிரல்கள் இன்னும் பிரித்தே கொடுக்கின்றன. தமிழிலும் இது உண்டு: ‘கொ’வின் துணைக்குறி 3018 என்ற ஒரே எண்ணாகவும் இருக்கலாம், 3014, 3006 என்ற இரண்டாகவும் இருக்கலாம். நமக்கு ஓரிரு குறிகளில் வருவது அவர்களுக்கு ஒவ்வொரு அசையிலும் வருகிறது.

பெயர்களை என்எஃப்சிக்கு மாற்றுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் கன்வ்எம்வி என்ற கருவி ஒரு கோப்புறையையே மாற்றித் தரும். மாற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: லினக்ஸில் ஒரே கோப்புறையில் பிரிந்த பெயரிலும் சேர்ந்த பெயரிலும் இரண்டு கோப்பு இருக்கலாம், கண்ணுக்கு ஒரே பெயர். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடலாம். நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துபவர்கள் மேக்கில் பெயர்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள்.

பெயர் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தும் தேடினால் கிடைக்கவில்லை, இரண்டு சொல் ஒன்று போலிருந்தும் சமமில்லை என்று நிரல் சொல்கிறது என்றாலும் காரணம் இதுவே. எழுத்துகளை எண்ணிப் பாருங்கள், ஒன்று வர வேண்டிய இடத்தில் மூன்று வரும். தரவு உள்ளே வரும் வாசலிலேயே என்எஃப்சி செய்துவிட்டால் பின்னால் தேடலில் தொல்லை இல்லை. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை உண்டு. சேர்ந்த வடிவில் 85 அசை போகும், இறுதி மெய்யோடு பிரிந்த வடிவில் அசைக்கு 9 பைட் என்பதால் 28தான். ‘பெயர் நீளம்’ என்று திடீரென்று பிழை வந்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என்எஃப்சி செய்தும் எழுத்து சேரவில்லையா? அப்படியானால் உங்களிடம் இருப்பது வேறு வகைத் துண்டு. விசைப்பலகையில் தனியாகத் தட்டும் ஹியுத் 12622, ஆ 12623, நியுன் 12596. இவை தனித்து நிற்கவே உருவான எழுத்துகள், சேரும் கடமை இவற்றுக்கு இல்லை. என்எஃப்கேசி என்ற கடுமையான முறையைப் போட்டால் நிலைமை மோசமாகும். கடைசி நியுன் இறுதி மெய்யாக மாறாமல் முதல் மெய்யாக மாறும், ‘ஹ’வும் ஒட்டாத ‘ந்’னும் கிடைக்கும். இதற்குத் தனியாக ஒரு சிறு நிரல் எழுதி, மேலே சொன்ன 588, 28 கணக்கைத் தலைகீழாகப் போட்டுச் சேர்ப்பதுதான் வழி.

அறிகுறி: பெயர் பாதியில் அறுபடுகிறது

ஈயூசி-கேஆரிலிருந்து யூடிஎஃப்-8க்குத் தரவுத்தளத்தை மாற்றிய மறுநாள் வரும் புகார். 20 பைட் ஒதுக்கிய இடத்தில் முன்பு 10 அசை பிடித்தது, இப்போது ஆறுதான். ஆரக்கிள் தரவுத்தளத்தில் நீளத்தைப் பைட்டாக அறிவித்திருந்தால் எழுத்தாக மாற்றுங்கள். வரியின் கடைசியில் மட்டும் ஒரு மாற்றுக்குறி நின்றால், எங்கோ ஒரு நிரல் அசையின் நடுவே பைட்டை வெட்டுகிறது என்று பொருள்.

அறிகுறி: பின்சாய்கோடு இருக்க வேண்டிய இடத்தில் வோன் குறி

கோப்புப் பாதையில் கொரிய நாணயக் குறி தெரியும். பைட் 92தான், கொரிய எழுத்துருக்கள் அந்த இடத்துக்கு வோன் குறியை வரைகின்றன. எதையும் மாற்ற வேண்டாம், பாதை வேலை செய்யும். உண்மையான வோன் குறியின் எண் 8361, விலைப்பட்டியலில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அறிகுறி: பழைய கொரிய நூல்களில் வெற்றுக் கட்டங்கள்

15ஆம் நூற்றாண்டு உரைகளில் இன்று வழக்கொழிந்த எழுத்துகள் வரும். ‘அரே-ஆ’ என்ற புள்ளி உயிர் அதில் ஒன்று, அதன் எண் 4510. இந்த அசைகளுக்கு 11,172இல் இடமில்லை, துண்டுகளாக மட்டுமே எழுத முடியும். 2009இல் வந்த யூனிகோடு 5.2 மேலும் பல பழைய துண்டுகளைச் சேர்த்தது. துண்டுகள் உதிரியாகத் தெரிந்தால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், பழைய கொரியத்தைச் சேர்த்துக் காட்டும் வசதி நோட்டோவின் கொரிய எழுத்துருக்களில் உண்டு. துண்டுகூட இல்லாமல் வெற்றுக் கட்டம் மட்டும் வந்தால் எண்ணைப் பாருங்கள். 57344க்கும் 63743க்கும் இடையே இருந்தால் அது தனிப்பயன் பகுதி, பழைய கொரியத்துக்கு முன்பு ஹன்யாங் என்ற அட்டவணை அங்கே இடம்பிடித்திருந்தது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, அந்த அட்டவணையைக் கொண்டு எண்களைத் துண்டுகளாக மாற்றிய பிறகே உரை தெரியும்.